தம்பியின் பட்டியலை நிறுத்திவிட்டோம், சரி. இனி நம் பிள்ளைகளுக்குப் பரிந்துரைப்பது யார்?



கொஞ்சம் நீண்ட பதிவு. இப்போது நேரம் இல்லாதவர்கள் இரவைக்கு ஆறுதலாக வாசிங்க. வாசிக்காமல் லைக் போடவும் வேண்டாம், வாசிக்காமல் ஏசவும் வேண்டாம்.

விஷயம் ஊரில் பாதிப் பேருக்குத் தெரியும். நம்ம ஊர் வட்ஸ்அப் குரூப்பில் எட்டு ஒன்பது மாதமாக ஒவ்வொரு வெள்ளி இரவும் ஒரு தம்பி ஒரு பட்டியல் போட்டு வந்தார். வெப்சைட் செய்கிற வேலை, வீட்டிலிருந்தே கொழும்புக் கம்பனி ஒன்றுக்குச் செய்கிறார். "இந்த வாரம் நான் கேட்டது, வாசித்தது, பாவித்தது" என்று தலைப்பு. கீழே ஆறு ஏழு லிங்க். இரண்டு மூன்று பொட்காஸ்ட், ஒரு கட்டுரை, ஒரு இலவச செயலி, சில நேரம் ஒரு பாடநெறி. அவ்வளவுதான். பத்து வரிக்கு மேல் போனதில்லை.

போன கிழமை அட்மின்மார் கூடி அதை நிறுத்தச் சொன்னார்கள். தம்பி "ஏன்?" என்று ஒரு சொல் கேட்டார். அதற்கு அவரையே ரிமூவ் பண்ணிவிட்டார்கள்.

நான் அந்தத் தம்பிக்குப் படிப்பித்தவன் இல்லை. சொந்தக்காரனும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவைக்கிறேன், இல்லாவிட்டால் கொமென்டில் முதல் வரியாக அதுதான் வரும்.

சொன்ன காரணங்களைப் பார்ப்போம். இது ஜனாஸா அறிவித்தலுக்கும் பள்ளி அறிவித்தலுக்கும் உள்ள குரூப் என்றார்கள். நியாயம். ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் சட்டம் என்றால் எல்லோருக்கும் ஒரே சட்டமாக இருக்க வேண்டும். தம்பியை நீக்கிய அதே நாள் காலையில் "எல்லா சிம்முக்கும் 50 ஜீபி இலவசம், 12 பேருக்கு அனுப்பினால் உடனே கிடைக்கும்" என்று ஒரு போர்வர்ட் வந்தது. நாலைந்து பேர் நன்றி சொன்னார்கள். ஒரு அட்மினே "ஜசாகல்லாஹு கைரன்" போட்டிருந்தார். இதை எழுதும்போது போய்ப் பார்த்தேன், அது இன்னும் அங்கேதான் இருக்கிறது. சொந்தப் பெயரில், தான் கேட்டதை மட்டும் எழுதிய பிள்ளை வெளியே. யார் எழுதினார் என்றே தெரியாத பொய் உள்ளே.

இரண்டாவது காரணம், பிள்ளைகளின் நேரம் வீணாகிறதாம். மூன்றாவது, வெள்ளைக்காரன் இரண்டு பேர் உட்கார்ந்து அலட்டுவதைக் கேட்டு என்ன கிடைக்கும் என்று ஒரு பெரியவர் வொய்ஸ் போட்டார். இந்த இரண்டுக்கும்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நான் பத்தாம், பதினோராம் ஆண்டுக்குப் படிப்பிக்கிறேன். போன தவணையில் ஒரு நாள் பாடம் முடிந்து பத்து நிமிடம் மிச்சம் இருந்தது. பிள்ளைகளிடம் ஒரு கேள்வி கேட்டேன். "நேற்று ராத்திரி போனில் கடைசியாகப் பார்த்தது என்ன? அதைப் பார்க்கச் சொன்னது யார்?" முதல் கேள்விக்கு எல்லோரிடமும் பதில் இருந்தது, சிலர் சொல்ல வெட்கப்பட்டார்கள். இரண்டாவது கேள்விக்கு மூன்று பேர்தான் ஆளைச் சொன்னார்கள். ஒருவருக்கு நானா அனுப்பியது, ஒருவருக்குக் கூட்டாளி, ஒருவருக்கு டியூஷன் சேர். மற்ற எல்லோருடைய பதிலும் ஒன்றுதான்.

"தானா வந்தது சேர்."

இந்த மூன்று சொல் அன்றிலிருந்து என் தலைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. எதுவும் தானாக வருவதில்லை. ஒரு கம்பனி தெரிவு செய்து அனுப்புகிறது. யூடியூபில் மக்கள் பார்க்கும் நேரத்தில் 70 வீதத்துக்கு மேல் அதன் பரிந்துரை இயந்திரம் கொண்டுவந்து காட்டியவைதான் என்று 2018 ஜனவரியில் அந்தக் கம்பனியின் உயர் அதிகாரி நீல் மோகனே சொன்னார். பெருமையாகத்தான் சொன்னார். அந்த இயந்திரத்துக்கு உங்கள் மகன் ஓ.எல். எழுதுகிறானா, ஏ.எல். எழுதுகிறானா என்ற கவலை கிடையாது. அவன் இன்னும் எத்தனை நிமிடம் இருப்பான் என்பது ஒன்றுதான் கணக்கு. அதை எந்த அட்மின் ரிமூவ் பண்ணினார்? எந்த வாப்பா "இதை நிறுத்து" என்று வொய்ஸ் போட்டார்? வாரத்துக்கு ஏழு லிங்க் தந்த தம்பி நேரத்தை வீணாக்குகிறார் என்றால், ஒரு ராத்திரிக்கு எழுநூறு தருகிறவனுக்கு என்ன பெயர்?

இது நேரப் பிரச்சினை மட்டும் என்றால் நானும் பேசாமல் இருந்திருப்பேன். கண்டி மாவட்டத்தில் இருக்கிற நாம் இதை வெறும் நேரப் பிரச்சினையாகப் பேசலாமா?

2018 மார்ச்சை மறந்துவிட்டோமா? மார்ச் 5 திங்கட்கிழமை திகனயில் எரிந்தது. 6 ஆம் தேதி அவசரகாலச் சட்டம். 7 ஆம் தேதி அம்பத்தென்ன, கட்டுகஸ்தோட்டை, அக்குறணைப் பக்கம். அன்றுதான் அரசாங்கம் பேஸ்புக்கையும் வட்ஸ்அப்பையும் முடக்கியது. 15 ஆம் தேதி வரை பேஸ்புக் இல்லை. வீபீஎன் என்ற சொல்லை நம் உம்மும்மாமார் கற்றுக்கொண்டது அந்த வாரத்தில்தான்.

அதற்குச் சில நாட்களுக்கு முன் அம்பாறையில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக்கடையில் கறிக்குள் கருத்தடை மாத்திரை போட்டார்கள் என்று கதை. அப்படி ஒரு மாத்திரை உலகத்திலேயே இல்லை என்று வைத்தியர்கள் சொன்னார்கள். சாப்பாட்டில் இருந்தது மாவுக்கட்டி என்று அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் அறிக்கை வந்தது. அறிக்கை வருமுன் பள்ளி உடைந்திருந்தது, கடைகள் உடைந்திருந்தன. கதையை வீடியோவாகப் பார்த்தவனைப் பிடித்து "உனக்கு யார் சொன்னது?" என்று கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பான்? என் வகுப்புப் பிள்ளைகள் சொன்ன அதே பதிலைத்தான்.

வெறுப்பை உண்டாக்கியது பேஸ்புக் என்று நான் சொல்லவரவில்லை. வெறுப்பு அதற்கு முன்பே இருந்தது, அதை வளர்த்த ஆட்களும் இருந்தார்கள். ஆனால் யார் எதைப் பார்ப்பது என்று தீர்மானித்த இயந்திரம் எப்படி வேலை செய்தது என்பதும் இப்போது வெளியே வந்திருக்கிறது. 2017 இலிருந்து கொஞ்சக் காலம், ஒரு பதிவுக்குக் கோபமுகம் போட்டால் அது ஐந்து லைக்குக்குச் சமம் என்று பேஸ்புக் கணக்குப் பார்த்தது. 2021 இல் பிரான்சிஸ் ஹோகன் என்ற முன்னாள் ஊழியர் வெளியே கொண்டுவந்த உள் ஆவணங்களில் இருந்து தெரிந்த விஷயம் இது. 2018 ஜனவரியில், திகனைக்கு இரண்டு மாதத்துக்கு முன், மக்கள் அதிகம் கொமென்ட் போட்டுச் சண்டை பிடிக்கும் பதிவுகள் மேலே வருகிற மாதிரி முழு ஒழுங்கையும் மாற்றியும் இருந்தார்கள். "அர்த்தமுள்ள உறவாடல்" என்று அதற்கு அழகான பெயரும் வைத்தார்கள். அந்தக் காலத்தில் சிங்களத்தில் எழுதப்பட்டதை வாசித்து நீக்க அவர்களிடம் போதிய ஆளில்லை. 2020 மே மாதம், சுயாதீன ஆய்வு ஒன்று வந்த பிறகு, இலங்கையில் நடந்ததில் தங்கள் தளம் பாவிக்கப்பட்டதற்காக மன்னிப்புக் கேட்டார்கள். இரண்டு வருடம் கழித்து. மன்னிப்பை நாம் வாசித்தோம், ஷெயார் பண்ணினோம். பேஸ்புக்கிலேயே.

இவ்வளவும் பட்ட ஊர்கள், பரிந்துரை என்ற சொல்லைக் கேட்டால் முதலில் யாரைச் சந்தேகப்பட வேண்டும்?

நாம் படித்து வளர்ந்த மரபில் ஒரு செய்தி வந்தால் செய்தியைப் பார்க்க முதல் சொன்னவரைப் பார்ப்போம். இவருக்கு யார் சொன்னது, அவருக்கு யார் சொன்னது, இடையில் கண்ணி விட்டுப்போயிருக்கிறதா, ஒருவர் பொய் பேசுபவரா, மறதிக்காரரா. இஸ்னாத் என்று சொல்லி, அறிவிப்பாளர்களின் வாழ்க்கையை ஆராய அஸ்மாஉர் ரிஜால் என்று ஒரு தனிக் கலையையே வளர்த்த சமூகம் இது. மத்ரஸாவில் பத்து வயதில் இதைப் படிக்கிறோம். பிறகு பதினைந்து வயதில் கையில் போனைக் கொடுத்து, அறிவிப்பாளர் யாரென்றே தெரியாத ஒரு ஓடையில் இறக்கிவிடுகிறோம். அந்த ஓடைக்குப் பக்கத்தில் நின்று, "நான் கேட்டேன், இது நல்லது, என் பெயர் இது, என் வீடு இந்த ஒழுங்கையில், பிழையென்றால் என்னிடம் வந்து கேள்" என்று சொன்ன ஒரே ஆளைத்தான் விரட்டியிருக்கிறோம்.

வொய்ஸ் போட்ட பெரியவருக்கு மரியாதையோடு ஒன்று சொல்கிறேன். நீங்கள் இளம் வயதில் காதைக் கொடுத்துக் கேட்ட வானொலியை மறக்க வேண்டாம், மாமா. 1925 டிசம்பரில் கொழும்பில் தொடங்கிய ஒலிபரப்பு அது. லண்டனில் பீபீசீ தொடங்கி மூன்றே வருடத்தில். தமிழ்நாடே இலங்கை வானொலியைக் கேட்ட காலம் ஒன்று இருந்தது. பி. எச். அப்துல் ஹமீத் பேசினால் கடையில் சாமான் நிறுக்கிற கை நின்றுவிடும் என்று என் வாப்பா சொல்வார். முஸ்லிம் சேவைக்காக நோன்பு காலத்தில் வீடே வானொலியைச் சுற்றி உட்காரும். அதுவும் மைக்குக்கு முன் ஒருவர் உட்கார்ந்து பேசுவதுதான். என்ன ஒலிபரப்புவது என்று ஒரு மனிதர் தெரிவு செய்தார். அவருடைய குரல் தெரியும், பெயர் தெரியும், பிடிக்காவிட்டால் கடிதம் எழுதலாம். பொட்காஸ்ட் அதனுடைய பேரப்பிள்ளை.

சொல் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. ஐபொட், புரோட்காஸ்ட் என்ற இரண்டையும் ஒட்டி, 2004 இல் கார்டியன் பத்திரிகையில் பென் ஹமர்ஸ்லி என்பவர் எழுதிய கட்டுரையில் முதல் வந்த சொல் அது. பின்னால் வேலை செய்வது ஆர்எஸ்எஸ் என்ற ஒரு எளிய கோப்பு. புதிய நிகழ்ச்சி வந்தால் அந்தக் கோப்பில் ஒரு வரி கூடும். உங்கள் போனில் உள்ள செயலி அதைப் பார்த்து ஒலியை இறக்கிக்கொள்ளும். நீங்கள் யாரைக் கேட்க வேண்டும் என்று சொன்னீர்களோ அவர் மட்டும்தான் வருவார். நடுவில் நின்று "இதையும் பார், அதையும் பார்" என்று இழுக்கிற தரகர் கிடையாது. பத்திரிகைக்காரன் பத்திரிகையை வாசலில் போட்டுவிட்டுப் போகிற மாதிரி. 2013 இல் கூகுள் தன் ரீடரை மூடியது, 2024 இல் தன் பொட்காஸ்ட் செயலியையும் மூடியது. ஆர்எஸ்எஸ் சாகவில்லை, ஏனென்றால் அது யாருக்கும் சொந்தமில்லை. அதன் ஒரு பதிப்பை, ஆர்எஸ்எஸ் 1.0 ஐ, வகுத்தவர்களில் ஒருவர் ஆரன் சுவார்ட்ஸ். அப்போது அவருக்கு 14 வயது. நம் ஒன்பதாம் ஆண்டுப் பிள்ளைகளின் வயது. வகுப்பில் இதைச் சொன்ன அன்று பின்வரிசையில்கூட ஒரு சத்தமும் இல்லை.

செலவையும் பார்ப்போம், ஏனென்றால் நம் வீடுகளில் டேட்டா போடுவது வாப்பாவின் தலையில். செக்கனுக்கு 64 கிலோபிட் ஒலி என்றால் ஒரு மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 29 எம்பீ. அதே ஒரு மணித்தியாலம் வீடியோ பார்த்தால் இதைப்போல் பல மடங்கு. வைபை உள்ள இடத்தில் ராத்திரி இறக்கிவைத்துவிட்டு, காலையில் அக்குறணையிலிருந்து கண்டிக்குப் போகிற பஸ்ஸில், கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் நிற்கிற நிற்பில் கேட்கலாம். அந்தப் பாலத்தில் நாம் கழித்த காலத்தைக் கூட்டினால் ஒரு டிப்ளோமா முடித்திருக்கலாம். எனக்கு அன்டெனாபொட் என்ற செயலியைக் காட்டித்தந்ததும் அந்தத் தம்பியின் பட்டியல்தான். இலவசம், கணக்குத் திறக்கத் தேவையில்லை, அதற்குள் விளம்பரமும் இல்லை.

இனி தம்பிக்கும் கொஞ்சம் ஏச்சு இருக்கிறது. அவரைத் தூக்கிவைத்துக் கொண்டாடத்தான் இந்தப் பதிவு என்று நினைக்க வேண்டாம்.

தம்பி, உங்கள் பட்டியல் முழுக்க முழுக்க ஆங்கிலம். சின்டக்ஸ் போட்டீர்கள், ஷொப்டோக் போட்டீர்கள், டார்க்நெட் டயரீஸ் போட்டீர்கள். எல்லாம் தரமானவை, மறுக்கவில்லை. டார்க்நெட் டயரீஸை நானே விடாமல் கேட்கிறேன். திருட்டுக் கதை மாதிரிப் போகும், முடியும்போது கடவுச்சொல்லை மாற்றத் தோன்றும். ஆனால் தமிழ் மொழிமூலத்தில் ஐசீரி படிக்கிற, ஆங்கிலப் பாடத்தில் தட்டுத்தடுமாறி எஸ் எடுக்கிற ஒரு பிள்ளைக்கு அந்தப் பட்டியல் பூட்டிய கதவு. அமெரிக்கர் இருவர் வேகமாகப் பேசிச் சிரிக்கும்போது அவன் எங்கே சிரிப்பது என்று தெரியாமல் நிற்பான். "இது எனக்குள்ளது இல்லை" என்று முடிவெடுத்து, பழைய ஓடைக்கே திரும்புவான். ஒவ்வொரு லிங்குக்கும் கீழே இரண்டு வரி தமிழில் எழுதினால் என்ன? என்ன விஷயம், எந்த நிமிடத்திலிருந்து கேட்க வேண்டும், எந்த மூன்று சொல்லை முதலில் தெரிந்திருக்க வேண்டும். உங்களுக்குப் பத்து நிமிட வேலை.

தமிழில் ஒன்றும் இல்லை என்றும் சொல்ல வேண்டாம். 2012 இலிருந்து கணியம் என்ற இதழ், சென்னையில் சீனிவாசனும் கூட்டாளிகளும் தொடங்கியது, கட்டற்ற மென்பொருளைப் பற்றித் தமிழில் எழுதிவருகிறது. நித்யா எழுதிய "எளிய தமிழில் எச்டீஎம்எல்" புத்தகம் இலவசமாக இறக்கலாம். நம் நாட்டுப் பிள்ளைகளுக்குத் தேட நூலகம் தளம் இருக்கிறது, 2005 இலிருந்து. தமிழ் விக்கிப்பீடியாவைத் தொடக்கத்தில் தூக்கி நிறுத்தியவரே யாழ்ப்பாணத்துக்காரர், மயூரநாதன். எட்டு மாதத்தில் இவற்றில் ஒன்றுகூட உங்கள் பட்டியலில் வரவில்லை. அது எனக்கு வருத்தம்.

இன்னொன்று, இது முக்கியம். பொட்காஸ்டில் விளம்பரத்தைப் பேசுகிறவரே தன் குரலில் வாசிப்பார். நமக்குப் பழகிய வானொலி விளம்பரம் மாதிரி மணி அடித்து வராது. கதை சொல்லிக்கொண்டே போய், அதே தொனியில் "நானும் இதைத்தான் பாவிக்கிறேன்" என்பார். பெட்டர்ஹெல்ப் என்று மனநல ஆலோசனைச் செயலி ஒன்று. ஏகப்பட்ட பொட்காஸ்ட்களில் விளம்பரம் செய்தது. அதில் சேர்ந்தவர்களின் தகவல்களை பேஸ்புக், ஸ்னப்செட் போன்ற கம்பனிகளுக்குக் கொடுத்ததற்காக 2023 இல் அமெரிக்க வர்த்தக ஆணைக்குழு அதற்கு 7.8 மில்லியன் டொலர் கட்டச் சொன்னது. தன் மனக்கஷ்டத்தை நம்பிச் சொன்ன ஆட்களின் தகவல்! சின்டக்ஸைக்கூட 2023 இல் சென்ட்ரி என்ற மென்பொருள் கம்பனி வாங்கிவிட்டது. அதனால் அது கெட்டது என்று இல்லை. ஆனால் கேட்கிற பிள்ளைக்குத் தெரிந்திருக்க வேண்டும், யார் சம்பளத்தில் பேசுகிறார்கள் என்று. நீங்கள் போடுகிற செயலிகளில் ஏதாவது ஒன்றுக்கு, உங்கள் லிங்க் வழியாக ஆள் சேர்ந்தால் உங்களுக்குச் சல்லி வருமென்றால், அதையும் அதே வரியில் எழுதுங்கள். சல்லி எடுப்பது குற்றமில்லை, மறைப்பதுதான் குற்றம். அறிவிப்பாளர் வரிசை என்று மேலே இவ்வளவு பேசிவிட்டு இதை மட்டும் கேட்காமல் விட முடியாது.

ஏழு லிங்க் கூட, தம்பி. மூன்று போதும். எட்டாவது மாதத்தில் நீங்களே கேட்காமல் போட்ட மாதிரி ஒன்றிரண்டு தெரிந்தது, பிழையென்றால் மன்னிக்கவும்.

அட்மின்மாரிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. ஜனாஸா குரூப் ஜனாஸா குரூப்பாகவே இருக்கட்டும். தம்பியைத் திரும்பச் சேருங்கள், ரிமூவ் பண்ணியதற்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள், அந்த 50 ஜீபி போர்வர்டை அழியுங்கள். பட்டியலுக்கு வேறு குரூப் திறப்போம். சேர விரும்புகிற பெற்றோரும் பிள்ளைகளும் மட்டும் சேரட்டும். அதில் ஒரே ஒரு சட்டம். போடுகிறவர் தான் முழுதாகக் கேட்டிருக்க வேண்டும், யார் சொல்லிக் கேட்டேன் என்று எழுத வேண்டும். "போர்வர்ட்" என்று மேலே வருகிற எதுவும் வேண்டாம். தமிழில் இரண்டு வரி எழுதுகிற வேலையில் பாதியை நான் எடுத்துக்கொள்கிறேன். ஆங்கில டீச்சர் ஒருவரும் உதவுவதாகச் சொன்னார், பெயரை அவர் விரும்பினால் அவரே சொல்வார்.

ஏ.எல். முடித்துவிட்டு வீட்டில் இருக்கிற ராத்தாமார், தங்கச்சிமார் இதை வாசித்தால் உங்களுக்கும் சேர்த்துத்தான். வெளியே போக முடியாத வீட்டில் காதுக்கு ஒரு வழி திறந்திருப்பது சின்ன விஷயமில்லை. போன வருடம் என்னிடம் படித்த பிள்ளை ஒருவர் சமைத்துக்கொண்டே கேட்டு, எச்டீஎம்எல் படித்து, இப்போது தன் மாமாவின் கடைக்கு ஒரு சின்ன வெப்சைட் செய்திருக்கிறார். தொடக்கம் எது என்று கேட்டேன். "அந்தக் குரூப்பில் ஒரு நானா போடுவாரே சேர், அந்தப் பட்டியல்."

தம்பி, நீங்கள் கடைசியாகப் போட்ட பட்டியலில் மூன்றாவது லிங்க் திறக்கவில்லை. இன்பொக்ஸில் சரியானதை அனுப்புங்கள், நாளைக்குப் பஸ்ஸில் கேட்க வேண்டும்.